கனவு வேலைக்கு ஏன் சம்பளம் கம்மியா இருக்கு? "ஈடுகட்டும் சம்பளம்" பத்தி ஒரு எளிய விளக்கம்

எஸ்.பி.எம் பரீட்சை முடிச்ச பசங்க, டிப்ளோமா முடிச்ச பசங்கன்னு யாரு வந்து பேசுனாலும் கடைசில ஒரே கேள்விலதான் வந்து நிக்கிறாங்க, அண்ணே பிடிச்ச வேலைக்குப் போறதா, இல்ல சம்பளம் வர்ற வேலைக்குப் போறதா. பினாங்குல இருக்கிறவங்களுக்கு இந்தக் கேள்வி தினமும் கண்ணு முன்னாடியே நிக்கும். 1972ல பாயான் லெப்பாஸ்ல ஃபிரீ டிரேட் ஸோன் வந்துச்சு, அதே வருஷம் இன்டெல் வந்துச்சு, பின்னாடியே ஒண்ணொண்ணா மத்த கம்பெனிங்களும் வந்துச்சு, அதுல இருந்து இங்க ஃபேக்டரி வேலைன்னா வீட்டுக்கு வீடு ஒருத்தராவது பாத்திருப்பாங்க. நைட் ஷிப்ட் எடுத்தா அலவன்ஸ், ஓ.டி போட்டா கையில கொஞ்சம் நல்ல காசு. ஆனா பசங்க மனசுல இருக்கிறது ரேடியோ அறிவிப்பாளர், கல்யாண வீடியோ எடுக்கிறது, பாட்டு, நாடகம், சொந்தமா ஒரு கேக் கடை. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கும்போது அவங்களுக்கு முதல்ல வர்றது கோபம்தான், பிடிச்ச வேலைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கம்மியா குடுக்கிறாங்கன்னு.

இதுக்குப் பொருளாதாரத்துல ஒரு பழைய பதில் இருக்கு. பேரு ஈடுகட்டும் சம்பளம். இதப் புரிஞ்சிக்க பெரிய படிப்பு எதுவும் வேணாம்.

ஒரு வேலை நமக்குக் குடுக்கிறது காசு மட்டும் இல்லங்க. தூக்கம், உடம்பு, நாலு பேரு மதிக்கிற மரியாதை, மனசுக்கு வர்ற சந்தோஷம், நாளைக்கும் வேலை இருக்குங்கிற நிம்மதி, இது எல்லாமே சேர்ந்துதான் வருது, இல்லன்னா சேர்ந்து போகுது. இந்த காசு இல்லாத பங்கு மோசமா இருந்துச்சுன்னா யாரும் வேலைக்கு வரமாட்டாங்க, அப்போ முதலாளி காசைக் கூட்டித்தான் ஆளைப் பிடிக்கணும். அந்தப் பங்கு இனிப்பா இருந்துச்சுன்னா ஆளுங்க வரிசைல நிப்பாங்க, காசைக் கூட்ட வேண்டிய அவசியமே முதலாளிக்கு வராது. கனவு வேலைக்கு சம்பளம் கம்மியா இருக்கிறதுக்கு முதல் காரணம் இதுதான், உங்கள மாதிரியே இன்னும் நூறு பேருக்கு அது கனவா இருக்கு.

இத முதல்ல தெளிவா எழுதி வச்சவரு ஸ்காட்லாந்துக்காரர் ஆடம் ஸ்மித், 1776ல. அவரு சொன்ன உதாரணத்துல எனக்குப் பிடிச்சது கொல்லனும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியும். கொல்லன் தொழில் கத்துக்கிட்டவரு, சுரங்கத்துல இருக்கிறவரு வெறும் கூலி. ஆனா கொல்லன் 12 மணி நேரம் வேலை செஞ்சு எடுக்கிற கூலிய சுரங்கக்காரரு 8 மணி நேரத்துல எடுத்துடுவாராம். ஏன்னா கொல்லன் வேலைல அந்த அளவு அழுக்கு இல்ல, ஆபத்து கம்மி, வெளிச்சத்துல, தரைக்கு மேல நடக்குற வேலை.

இப்போ இத அப்படியே நம்ம ஊருக்குக் கொண்டு வாங்க. ஒரே ஃபேக்டரி, ஒரே மெஷின், ஒரே ஆளு. பகல் ஷிப்டுக்கு ஒரு சம்பளம், ராத்திரி ஷிப்டுக்கு அதுக்கு மேல அலவன்ஸ். நம்ம வேலைச் சட்டத்துல நைட் ஷிப்ட் அலவன்ஸ் கட்டாயம்னு இல்ல, இருந்தும் கம்பெனிங்க குடுக்குது, குடுக்கலன்னா ராத்திரி லைன்ல நிக்க ஆள் கிடைக்காது. அந்த அலவன்ஸ் உங்க தூக்கத்துக்கு அவங்க போட்ட விலை. அந்த விலை போதுமா இல்லையாங்கிறது வேற கதை, உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007லேயே, உடம்போட தூக்க நேரத்தைக் குழப்புற ஷிப்ட் வேலை புற்றுநோய்க்குக் காரணமா இருக்க வாய்ப்பு அதிகம்னு வகைப்படுத்தி வச்சிருக்கு, 2019ல நைட் ஷிப்ட் விஷயத்துல அதயே திரும்பவும் சொன்னாங்க. அதனால அலவன்ஸ் எவ்வளவுன்னு பாக்கும்போது எதுக்கு அந்தக் காசுன்னும் சேர்த்துப் பாருங்க. தைப்பூசத்துக்கு ஊரே தண்ணீர்மலைல இருக்கும்போது நீங்க லைன்ல நிக்கிறதும் அந்தக் கணக்குலதான் வரும். பொது விடுமுறை அன்னைக்கு வேலை செஞ்சா கூடுதல் கூலின்னு சட்டம் சொல்லுது, ஆனா அந்த நாள் திரும்பி வராது.

ஸ்மித் மொத்தம் அஞ்சு விஷயம் சொன்னாரு. வேலை இதமா இருக்கா கஷ்டமா இருக்கா, கத்துக்க எவ்வளவு செலவு, வேலை தொடர்ந்து கிடைக்குமா, எவ்வளவு நம்பிக்கை வச்சு ஒப்படைக்கிறாங்க, ஜெயிக்கிற வாய்ப்பு எவ்வளவு. முதலாவத இப்பத்தான் பாத்தோம். நம்பிக்கைங்கிறதுக்கு அவரு சொன்னது தங்க வேலை செய்றவங்கள, விலை உயர்ந்த பொருளை நம்பிக் குடுக்கிறதால அவங்களுக்குக் கூலி கூடன்னு, அத இப்போதைக்கு விட்டுடலாம். மிச்ச மூணுலதான் நம்ம பசங்க மாட்டிக்கிறாங்க.

கத்துக்கிற செலவுன்னு வந்தா நம்ம வீட்டுல முதல்ல ஞாபகம் வர்றது டாக்டர் படிப்பு. அஞ்சு வருஷம் படிப்பு, அப்புறம் ரெண்டு வருஷம் ஹவுஸ்மேன்ஷிப்ங்கிற ஆஸ்பத்திரிப் பயிற்சி, கடன் வாங்கிப் படிச்சிருந்தா அது வேற. டாக்டர் சம்பளம் கூடத்தான் இருக்கணும், இல்லன்னா யாரு இவ்வளவு வருஷத்த போடுவா. இன்னொரு பக்கம் சார்ஜ்மேன் மாதிரி வேலை, அதாவது ஒரு கட்டடத்தோட மின்சார சாதனங்களுக்குப் பொறுப்பா இருக்கிற வேலை, இருக்கு பாருங்க, எலெக்ட்ரிக்கல் தொழில் கத்துக்கிட்டு, சுருஹான்ஜாயா தெனாகாங்கிற எரிசக்தி ஆணையத்தோட தகுதிச் சான்றிதழ் எடுத்தா ஃபேக்டரி, மால், கொண்டோ எல்லாத்துலயும் தேவைப்படுற ஆளு நீங்க. கத்துக்க ஆகிற செலவு டாக்டருக்குப் பக்கத்துலயே வராது. யாரும் இத கனவு வேலைன்னு சொல்றதில்ல, அதனாலேயே போட்டியும் அந்த அளவுக்கு இல்ல. வீட்டுல பசங்ககிட்ட பேசும்போது இந்த மாதிரி வேலையோட பேரு கூட வர்றதில்லங்கிறது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வேலை தொடர்ந்து கிடைக்குமாங்கிறது மூணாவது, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமாத் தெரியுது. ஸ்மித் சொன்னது கட்டட வேலை செய்ற கொத்தனார கடும் பனியும் மோசமான வானிலையும் வேலை செய்ய விடாது, அதனால வேலை இருக்கிற நாள்ல வாங்குற கூலி, வேலை இல்லாத நாளுக்கும் சேர்த்து சோறு போடணும்னு. இத நம்ம தாத்தா பாட்டிகிட்ட சொன்னா அவங்களுக்கு ஸ்மித் தேவைப்பட்டிருக்காது. ரப்பர் தோட்டத்துல விடியகாலைல மழை பேஞ்சா மரம் வெட்ட முடியாது, வெட்டலன்னா பால் இல்ல, பால் இல்லன்னா அன்னைக்கு நாள் கூலி இல்ல. தோட்டத் தொழிலாளிங்க மாசச் சம்பளம் வேணும்னு அத்தனை வருஷம் கேட்டுக்கிட்டே இருந்ததுக்குக் காரணம் இதுதான், மழைக்கான விலைய முதலாளியும் சுமக்கணும், தொழிலாளி தலைல மட்டும் போடக்கூடாதுன்னு. கொத்தனாருக்கு மழை நாளுக்கும் சேர்த்துக் கூலி கிடைச்சுச்சுன்னு ஸ்மித் எழுதுனாரு, நம்ம ஆளுங்களுக்கு அது கிடைக்கல. ஏன்னு பின்னாடி வர்றேன்.

இப்போ கல்யாண வீடியோ எடுக்கிற தம்பிய எடுத்துக்குங்க. அவருக்கும் மழைக்காலம் இருக்கு, அதுக்குப் பேரு ஆடி, மார்கழி. அந்த மாசங்கள்ல முகூர்த்தம் இல்ல, புக்கிங் இல்ல. தை, ஆவணில ஒரே நாள்ல மூணு பேரு கூப்புடுவாங்க, ஒருத்தருக்குத்தான் போக முடியும். ஒரு கல்யாணத்துக்கு அவரு கேக்குற தொகையப் பாத்து "ஒரு நாளுக்கு இவ்வளவா"ன்னு வாயப் பொளக்கிறவங்க, எடிட்டிங்ல போற ராத்திரிங்களையும், ஆடி மாசத்து வீட்டு வாடகையையும் சேர்த்துப் பாக்கணும். அந்தத் தம்பியும் பாக்கணும், ஏன்னா நெறைய பேரு நல்ல மாசத்துல வந்தத வச்சு வருஷக் கணக்கு போட்டுட்டு வேலைய விட்டுடுறாங்க.

டாக்டர் வேலையும் இந்த இடத்துல ஆட்டம் கண்டுச்சு. 2016 டிசம்பர்ல இருந்து புது டாக்டருங்கள கான்ட்ராக்ட்ல எடுக்க ஆரம்பிச்சாங்க, முன்ன மாதிரி நேரா நிரந்தர வேலை இல்ல. அது 2021 ஜூலை 26ஆம் தேதி ஆஸ்பத்திரிங்கள்ல கான்ட்ராக்ட் டாக்டருங்க ஹர்த்தால் பண்ற அளவுக்குப் போச்சு. வேலையோட பேரு மாறல, ஸ்டெதஸ்கோப் மாறல, நாளைக்கு என்னங்கிற நிச்சயம் மட்டும் மாறுச்சு, அதுக்கே அத்தனை பேரு வேலைய விட்டு வெளிய வந்து நின்னாங்கன்னா அந்த நிச்சயத்துக்கு எவ்வளவு விலைன்னு பாத்துக்குங்க. கவர்மெண்ட் வேலை கவர்மெண்ட் வேலைன்னு நம்ம பெரியவங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்களே, அது பழமைவாதம் இல்ல, நாள் கூலில வளர்ந்தவங்க போட்ட சரியான கணக்கு.

கடைசி விஷயம் ஜெயிக்கிற வாய்ப்பு. பையனை செருப்பு தைக்கக் கத்துக்கக் குடுத்தா கண்டிப்பா ஒரு ஜோடி செருப்பு தைக்கக் கத்துக்குவான், சட்டம் படிக்க அனுப்புனா அந்தத் தொழிலை வச்சு பொழைக்கிற அளவுக்கு வர்றது இருபது பேரு தோத்தா ஒருத்தர்தான்னு ஸ்மித் எழுதுனாரு. இருபது பேரு தோத்து ஒருத்தர் ஜெயிக்கிற தொழில்ல, ஜெயிச்சவரு அந்த இருபது பேருக்குப் போக வேண்டியதையும் சேர்த்து எடுத்தாத்தான் கணக்கு நேராகும், ஆனா அப்படி நேராகுறதே இல்லன்னும் அவரே சொல்றாரு. தொழில் தேர்ந்தெடுக்கிற அந்த வயசுலதான் மனுஷனுக்கு நமக்கு நல்லதே நடக்கும்ங்கிற நம்பிக்கை உச்சத்துல இருக்கும்னும் எழுதி வச்சிருக்காரு, கிட்டத்தட்ட 250 வருஷத்துக்கு முன்னாடி.

ரேடியோவ எடுத்துக்குங்க. மலேசியால தமிழ் வானொலின்னா மின்னல், ராகான்னு கை விரல்லயே எண்ணிடலாம், ஒவ்வொண்ணுலயும் மைக் முன்னாடி உக்கார்றவங்க கொஞ்சம் பேருதான், குரல் நல்லா இருக்கிற பசங்க ஆயிரக்கணக்குல. ஒரு அறிவிப்பாளரோட குரல் ஒரே நேரத்துல நாடு பூரா கேக்குது, ரெண்டாவது ஆளு தேவைப்படுறதில்ல. ஷெர்வின் ரோசன்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1981ல இத விளக்குனாரு, ஒருத்தரே எல்லாருக்கும் போய்ச் சேரக்கூடிய தொழில்ல கொஞ்சம் கூடுதல் திறமை இருக்கிறவரு மலை அளவு எடுத்துக்குவாரு, மத்தவங்களுக்குத் துளிதான் மிஞ்சும்னு. நாசி லெமாக் கடைல அப்படி ஆகாது, ஒரு கடைக்காரரு ஊருக்கே சமைக்க முடியாது, அதனால பத்து கடை பொழைக்கும். ஒரு தொழில்ல எத்தன பேரு பொழைக்க முடியும்ங்கிறத உங்க திறமைக்கு முன்னாடி அந்தத் தொழிலோட அமைப்பே முடிவு பண்ணிடுது. பத்திரிகைத் தொழில்ல அமைப்பே காலடில இருந்து நகர்ந்துச்சு, 1924ல ஆரம்பிச்ச தமிழ் நேசன் 2019ல நின்னு போச்சு, அங்க வேலை செஞ்சவங்களுக்குத் தமிழும் தெரியும் தொழிலும் தெரியும், இருந்தும் அப்படி ஆச்சு.

சரி, இப்போ இந்தக் கருத்து எங்க உடையுதுன்னு சொல்லியே ஆகணும், ஏன்னா பாதிய மட்டும் சொன்னா அது அநியாயம். கஷ்டமான வேலைக்குக் கூட சம்பளம்னா ஆஸ்பத்திரில தரை தொடைக்கிற அக்காவுக்கு ஏன் குறைஞ்சபட்ச சம்பளம்? ராத்திரி பூரா செக்யூரிட்டி வேலை செய்ற ஐயாவுக்கு ஏன் அதே சம்பளம்? அழுக்கும் அவங்களுக்குத்தான், தூக்கம் இல்லாததும் அவங்களுக்குத்தான், காசும் இல்ல. காரணம் என்னன்னா இந்தக் கணக்கு வேலை செய்யணும்னா ஆளுக்கு "வேணாம்"னு சொல்லிட்டு வேற வேலைக்குப் போற வசதி இருக்கணும். ஸ்மித்தே ஆரம்பத்துலயே அந்த நிபந்தனைய வச்சாரு, தொழிலைத் தேர்ந்தெடுக்கவும் மாத்தவும் முழு சுதந்திரம் இருக்கிற இடத்துலதான் இது நடக்கும்னு. தோட்டத்துல வீடும் முதலாளியோடது, ஸ்கூலும் தோட்டத்துக்குள்ள, வேலைய விட்டா வீட்டையும் விடணும், அந்த நிலைமைல மழை நாளுக்குச் சேர்த்துக் கூலி குடுன்னு தனி ஆளா யாரு கேக்க முடியும். இன்னைக்கு கிளீனருங்க நிலைமையும் பக்கத்துலதான் இருக்கு, வேலை கான்ட்ராக்ட் கம்பெனி மூலமா, கம்பெனி மாறுனா அதே கட்டடத்துல அதே தொடப்பத்தோட நிக்கிறவங்கள புது ஆளா எடுத்து சர்வீஸ் வருஷத்த முதல்ல இருந்து எண்ணுறாங்க. இந்த இடத்துல சந்தை எதையும் ஈடுகட்டாது, சட்டமும் சங்கமும்தான் ஈடுகட்டணும். 2013ல முதல் முறையா குறைஞ்சபட்ச சம்பளம்னு ஒண்ணு அமலுக்கு வந்தப்போ தீபகற்பத்துல 900 வெள்ளி, 2022ல 1,500, 2025ல இருந்து 1,700. அது தானா வந்த காசு இல்ல, கேட்டுக் கேட்டு வந்தது.

கனவு வேலை பக்கத்துலயும் ஒரு அநியாயம் நடக்குது. பிடிச்சு வேலை செய்றவங்களுக்குக் கூடுதல் வேலைய சும்மா குடுக்கலாம், அவங்களுக்கு அது சந்தோஷம்தானேன்னு மத்தவங்க நினைக்கிறாங்க, அமெரிக்காவுல ஆய்வு பண்ணியே இதக் கண்டுபிடிச்சிருக்காங்க. நம்ம ஊர்ல ஆய்வு வேணாம், பாட்டு பாடுற பிள்ளைய "மேடை கிடைக்குதுல்ல, அதுவே பெருசு"ன்னு சொல்லி காசு குடுக்காம அனுப்புறது எத்தன நிகழ்ச்சில நடக்குது. கனவுக்காக நீங்களா கொஞ்சம் சம்பளத்த விட்டுக் குடுக்கிறது வேற, உங்க கனவ வச்சு இன்னொருத்தர் மிச்சம் பிடிக்கிறது வேற.

அப்போ எவ்வளவு விட்டுக் குடுக்கிறோம்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது? இங்கதான் சம்பள சிலிப்ப உக்காந்து படிக்கணும். 2,500 வெள்ளி சம்பளம்னு வச்சுக்குவோம். இ.பி.எஃப்ங்கிற ஓய்வுக்கால சேமிப்புக்கு உங்க பங்கா 11 பெர்சென்ட் வெட்டுறாங்க, அது உங்க காசு. அதுக்கு மேல முதலாளி 13 பெர்சென்ட் போடணும், 5,000 வெள்ளிக்கு மேல சம்பளம்னா 12. 2,500க்கு 13 பெர்சென்ட் 325 வெள்ளி, வருஷத்துக்கு 3,900. அப்புறம் சட்டப்படி முதல் ரெண்டு வருஷத்துல 8 நாள் ஆண்டு விடுப்பு, 11 நாள் பொது விடுமுறை, மாசச் சம்பளத்த 26ஆல வகுத்துப் பாத்தா ஒரு நாளுக்கு 96 வெள்ளி, 19 நாளுக்கு 1,800க்கு மேல வருது. ஆக 2,500 வெள்ளி வேலைய விட்டுட்டு ஃப்ரீலான்ஸ் போறவரு மாசம் 3,000 வெள்ளி கிட்ட எடுத்தாத்தான் அதே இடத்துல நிக்கிறாருன்னு அர்த்தம், அதுவும் கேமரா, பெட்ரோல், லேப்டாப் செலவெல்லாம் போக. இதுல 14 நாள் மெடிக்கல் லீவ நான் சேர்க்கவே இல்ல. வேலைல அடிபட்டா உதவுற சொக்சோ, வேலை போனா ஆறு மாசம் வரைக்கும் கை குடுக்கிற இ.ஐ.எஸ், அதையும் சேர்க்கல.

ஃபேக்டரி பக்கம் இருக்கிறவங்களும் ஒண்ணு கவனிக்கணும். ஓ.டி காசுக்கு இ.பி.எஃப் கிடையாது. பேஸிக் 1,900, ஓ.டி எல்லாம் சேர்த்து 3,500 எடுக்கிறவரு, பேஸிக்கே 3,000 இருக்கிற வேலைய "500 கம்மி"ன்னு தள்ளிடுவாரு, ஆனா ரெண்டாவது வேலைல முதலாளி போடுற இ.பி.எஃப் மாசம் 143 வெள்ளி கூட, வேலை நேரம் கம்மி, ஓ.டி நின்னுட்டா சம்பளமும் கூடவே விழுந்துடுமோங்கிற பயமும் இல்ல.

வேலை இதமா இருக்கிறதும் கஷ்டமா இருக்கிறதும் முழுசா முதலாளி கைல மட்டும் இல்லன்னும் சொல்லணும். ஏமி ரெஸ்னியூஸ்கி, ஜேன் டட்டன்னு ரெண்டு ஆய்வாளருங்க 2001ல எழுதுனதுல ஆஸ்பத்திரி கிளீனருங்களப் பத்தி வருது, ஒரே சம்பளம் ஒரே வேலைதான், ஆனா சிலரு நோயாளிங்ககிட்ட பேசுறது, நர்சுங்களுக்குக் கை குடுக்கிறதுன்னு தங்க வேலைய தாங்களே விரிச்சுக்கிட்டு, நாங்க ஆளுங்கள குணப்படுத்துறதுல ஒரு பங்குன்னு பாத்தாங்களாம். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், ஆனா இத வச்சு அவங்களுக்கு சம்பளம் கூட வேணாம்னு யாராச்சும் பேசுனா ஒத்துக்காதீங்க.

கனவு வேலைக்குப் போறதா முடிவு பண்ணிட்டீங்கன்னா, போங்க. ஈடா கிடைக்காதத நீங்களே கட்டிக்கிற வழி கொஞ்சம் இருக்கு. சொந்தத் தொழில் பண்றவங்க இ.பி.எஃப்ல ஐ-சாரான்ல பதிஞ்சு நீங்களா காசு போடலாம், 2025 கணக்குப்படி நீங்க போடுறதுல 20 பெர்சென்ட், வருஷத்துக்கு 500 வெள்ளி வரைக்கும் அரசாங்கம் சேர்த்துப் போடுது, அதாவது 2,500 போட்டா முழு 500ம் வரும். சொக்சோவுலயும் சொந்தத் தொழில் பண்றவங்களுக்குத் தனித் திட்டம் இருக்கு, 2017ல டாக்ஸி, இ-ஹெய்லிங் ஓட்டுறவங்கள வச்சு ஆரம்பிச்சது, இப்போ நெறைய தொழிலுக்கு இருக்கு. நல்ல மாசத்துல வர்ற காசுல ஆடி, மார்கழிக்குன்னு முதல்லயே தனி அக்கவுண்ட்ல எடுத்து வச்சிடுங்க.

வேலைக்குச் சேர்றவங்க ஒரு மாசத்துக்கு மேல வேலைன்னா எழுத்துல லெட்டர் கேளுங்க, சட்டப்படி குடுக்கணும். அதுல பேஸிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவுன்னு தனித்தனியா இருக்கான்னு பாருங்க. ஒவ்வொரு மாசமும் 15ஆம் தேதிக்குள்ள முதலாளி போன மாசத்து இ.பி.எஃப்ப கட்டிடணும், போன்லயே ஐ-அக்கவுண்ட் ஆப்ல பாத்துடலாம். "நீ பார்ட் டைம்தானே, உனக்கு இ.பி.எஃப் கிடையாது"ன்னு யாராச்சும் சொன்னா அது தப்பு, சம்பளத்துக்கு வேலை செய்ற பார்ட் டைம் ஆளுக்கும் கட்டித்தான் ஆகணும், கட்டலன்னா இ.பி.எஃப் ஆபீஸ்ல நீங்களே போய் புகார் குடுக்கலாம், போகும்போது லெட்டரையும் சம்பள சிலிப்பையும் எடுத்துக்கிட்டுப் போங்க.